வீட்டுக் காப்பியின் சாதி: அடிமை ஒழிப்பிலிருந்து பேப்பர் கப் வரை

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் வாடகை அறைகளில் இப்போது ஒரு கண்ணாடிக் குடுவை தென்படுகிறது. 'பிரெஞ்சு பிரஸ்' என்கிறார்கள். கரகரப்பாக அரைத்த தூள் 15 கிராம், கொதித்து அடங்கிய வெந்நீர் ஏறக்குறைய 240 மில்லி. நான்கு நிமிடம் பொறுத்து, சல்லடை பொருத்திய கம்பியை மெல்லக் கீழே அமுக்கினால் காப்பி தயார். ஃபில்டரில் முன்கூட்டியே டிகாஷன் இறக்கி வைக்க வேண்டியதில்லை. அடுப்பும் வேண்டாம், மின்சாரக் கெட்டில் போதும். பேர்தான் பிரெஞ்சு. 1852இல் பிரான்சில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் இதன் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1929இல் கலிமானி, மொனெட்டா என்ற இரண்டு இத்தாலியர்கள் வாங்கிய காப்புரிமைதான் இன்றைய வடிவத்துக்கு அடிப்படை.

காலையில் எழுந்து தனக்குப் பிடித்த மாதிரி காப்பி போட்டுக்கொள்வதில் என்ன அரசியல் இருக்கிறது என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். குடிப்பதில் தவறு ஒன்றும் இல்லை, நானும் குடிக்கிறவன்தான். ஆனால் அந்தத் தூள் எங்கிருந்து வந்தது, அதைப் பறித்த கை யாருடையது, அது ஊருக்குள் வந்தபோது யாருக்கு எந்தப் பாத்திரத்தில் கிடைத்தது என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். தோட்டம், கடை, வீடு என மூன்று இடங்களில் தென்னிந்தியச் சாதியின் இருநூறு ஆண்டு வரலாறு விரியும்.

தோட்டம்

உலகச் சந்தையில் காப்பி மலிவுச் சரக்கானதே அடிமை உழைப்பால்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உலகக் காப்பியில் ஏறக்குறைய பாதி செயின்ட் டொமிங் என்ற பிரெஞ்சுக் காலனியிலிருந்து வந்தது. இன்றைய ஹைத்தி அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் அங்கே 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804இல் விடுதலை பெற்ற நாட்டை அமைத்தார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே காப்பி சரிந்தது. லண்டன் வியாபாரிகளின் கண் இலங்கை மலைநாட்டின் மேல் விழுந்தது.

மலை இருந்தது, மழை இருந்தது. ஆள்? அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் நம் முன்னோர்கள்.

சென்னை மாகாணத்தில் பண்ணையடிமை முறை அப்போது உயிரோடு இருந்தது. பறையர், பள்ளர், சக்கிலியர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறின. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை இந்திய நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. கையில் நிலமில்லை, கடன் தீரவில்லை. காகிதத்தில் கிடைத்த விடுதலை வயிற்றை நிரப்பவில்லை. அந்த இடத்தில் கங்காணி வந்தான். முன்பணம் கொடுத்தான், ஆள் சேர்த்தான், கடலைத் தாண்டினான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதி தலித் மக்கள். கங்காணிகளில் பலர் அவர்களுக்கு மேற்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயன்களைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்த தோட்டங்கள் உண்டு. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். அது கங்காணியின் கணக்குப் புத்தகத்திலேயே ஏறிப் பயணம் செய்தது.

1876–78 பெரும் பஞ்சத்தில் இன்னும் ஆயிரமாயிரம் பேர் போனார்கள். ஆனால் 1869லேயே இலங்கையில் காப்பி இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1880களில் காப்பி அழிந்து, அதே மண்ணில் தேயிலை வந்தது. பயிர் மாறியது, ஆள் மாறவில்லை. 1948இல் இலங்கை விடுதலை பெற்றதும் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானது. மூன்று தலைமுறை உழைத்தவர்களை இரண்டு அரசுகள் சரக்கைப் போலப் பங்கு பிரித்தன.

இந்தப் பக்கம் ஏற்காடு, நீலகிரி, வயநாடு, குடகு. இங்கேயும் கதை வேறல்ல. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது தண்டனைக்குரிய குற்றம். போதாதென்று தோட்ட முதலாளிகளுக்காகவே 1903இல் சென்னை மாகாணம் தனியாக ஒரு தொழிலாளர் சட்டம் போட்டது. சமூகவியல் வகுப்பில் எங்களுக்கு எம்.என். சீனிவாஸின் 'சமஸ்கிருதமயமாதல்' கோட்பாட்டைப் பாடம் நடத்தினார்கள். அதற்கு அடித்தளமிட்ட அவருடைய 1952ஆம் ஆண்டு நூல் குடகர்களைப் பற்றியது. குடகு என்றால் காப்பி நாடு. ஆனால் அந்தத் தோட்டங்களில் கொத்தடிமைகளாக உழைத்த எரவர்கள் எங்கள் வகுப்பறைக்குள் ஒரு நாளும் வரவில்லை. மேலே ஏறும் சாதிக்குக் கோட்பாடு இருந்தது, மூட்டை தூக்கியவர்களுக்கு ஒரு அடிக்குறிப்புகூட இல்லை.

கடை

தமிழ்நாட்டு வீடுகளுக்குக் காப்பி பழைய சொத்து அல்ல. காலை உணவு என்றால் நீராகாரமும் பழைய சோறும்தான். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பின் தலைப்பே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராமண நடுத்தர வர்க்கம் காப்பியைத் தன் அடையாளமாக்கிக்கொண்ட கதையை அதில் படிக்கலாம். தேநீர் பின்னால் வந்து உழைக்கும் மக்களின் பானமானது. எந்தப் பானம் யாருடையது என்பதிலேயே ஒரு படிநிலை.

ஊருக்கு ஊர் காப்பி கிளப்புகள் முளைத்தன. வாசலில் 'பிராமணாள்' என்று பலகை. உள்ளே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடமே இல்லை. பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எல்லாம் நமக்கும் உரியவை என்று 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியில் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. இடையில் 1927 மார்ச்சில் அண்ணல் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். சாதிக்கு எதிரான நம் பெரிய போராட்டங்களில் பலவும் எதைக் குடிக்கலாம், எங்கே குடிக்கலாம், எதில் குடிக்கலாம் என்பதைச் சுற்றியே நடந்திருப்பது தற்செயல் அல்ல. தீட்டு தண்ணீரிலும் பாத்திரத்திலும்தான் வேகமாகப் பரவும் என்று சாதி நம்புகிறது.

1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் நின்றார்கள், கைதானார்கள், கடைசியில் பலகை இறங்கியது. அது ஒரு வெற்றி. ஆனால் நாம் அங்கேயே நின்றுவிடக் கூடாது. நகரத்து காப்பி கிளப்பில் பலகை இறங்கிய அதே காலத்தில், கிராமத்து டீக்கடையில் பலகையே இல்லாமல் தீண்டாமை நடந்துகொண்டிருந்தது. நமக்குக் கொட்டாங்குச்சி, பிறகு அலுமினிய டம்ளர், கூரை எரவாணத்தில் செருகிவைத்த தனி கிளாஸ். குடித்ததும் நாமே கழுவி வைத்துவிட்டு, காசைத் தள்ளி வைக்க வேண்டும். அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள் அல்லர். இடைநிலைச் சாதியினர். இரட்டைக் குவளையைப் பேசும்போது இதை மழுப்பினால் நாம் வரலாறு பேசவில்லை என்றே அர்த்தம்.

எங்கள் திருத்தணிப் பக்கம் இதற்கு இரண்டு மொழியிலும் பெயர் உண்டு. தமிழில் இரட்டைக் குவளை, தெலுங்கில் ரெண்டு கிளாசுல பத்ததி. கார்வேட் நகரம் ஜமீனில் இருந்த ஊர் இது. 1911இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. அரை நூற்றாண்டில் எல்லைக்கோடு மூன்று முறை நகர்ந்தது. எந்த மொழிக்காரன் ஊர் என்று இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் டம்ளர் மட்டும் இரண்டாகவே இருந்தது. அந்தச் சண்டையில் அது ஒரு கோரிக்கையாக எழவேயில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் நுழையும் உரிமையைச் சொல்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழிக்கிறது. 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதை அது தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. டம்ளர் நம்முடைய சட்ட உரிமை.

இப்போது பேப்பர் கப் வந்துவிட்டது. ஆடிக் கிருத்திகையில் மலையடிவாரக் கடைகளைப் பார்த்தால் கப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். எல்லோருக்கும் ஒரே கப் என்றால் நல்லதுதானே என்று தோன்றும். கூட்டத்தில் அது உண்மைதான். ஆனால் சாதாரண நாளில் கிராமத்துக் கடையில் நின்று கவனியுங்கள். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குக் கேட்காமலே பேப்பர் கப் என்றால் அது பழைய கொட்டாங்குச்சிதான். கடைக்காரருக்குக் கழுவும் வேலை மிச்சம், அதிகாரிக்குச் சாட்சி மிச்சம். முன்பு எரவாணத்தில் செருகிய கிளாஸை எடுத்துக் காட்டலாம். இன்று ஆதாரம் கசங்கிக் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது.

வீடு

கடைக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு இல்லை. உன்னை என் வீட்டுக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லாது. சாதி ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் இடம் அதனால்தான் வீடாக இருக்கிறது.

வீட்டுக் காப்பியின் பாத்திரங்களைப் பாருங்கள். விளிம்பு மடித்த டம்ளர், அதற்கு டபரா. ஆற்றுவதற்கு வசதி என்பது ஒரு காரணம். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கத்துக்கும் அந்த வடிவம் பொருந்தியது. முதல் டிகாஷன் யாருக்கு, இரண்டாம் டிகாஷன் யாருக்கு என்பதில் விருந்தாளியின் தகுதி தெரியும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு அடுப்படி ஓரத்தில் தனி டம்ளர். அது பழைய அக்ரகாரத்துக் கதை என்று நினைக்காதீர்கள். நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் அந்தத் தனி டம்ளர் இருக்கிறது. அங்கே அதன் பெயர் 'சுத்தம்'.

களப்பணியில் இதன் இரண்டு முகங்களையும் பார்த்திருக்கிறேன். கணக்கெடுப்புக்காக ஊர்த் தெருவுக்குள் போவோம். திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போவார்கள். சிறிது நேரத்தில் எங்களுக்குக் குளிர்பான பாட்டில் வரும், உபசாரம் குறையாது. ஆனால் வீட்டு டம்ளர் வெளியே வராது. காலனிக்கு வந்தால் நேர் எதிர்த் திசை. அம்மாக்கள் பால் வாங்கிவரச் சொல்லி, காப்பி போட்டு, இருப்பதில் நல்ல டம்ளரில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். கூட வந்த அலுவலர், "இப்பதாம்மா குடிச்சேன்" என்பார், "சுகர் இருக்குங்க" என்பார். அரை மணி நேரம் கழித்துப் பேருந்து நிலையக் கடையில் அவர் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி கேட்பார். அந்த அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ரேஷன் அட்டையைக் கொண்டுவந்து காட்டுவார்.

இப்படி மறுப்பதை எந்தச் சட்டத்திலும் குற்றமாக எழுத முடியாது. ஆனால் கடையில் தனி கிளாஸ் வைப்பவருக்கும் நம் வீட்டில் காப்பி வேண்டாம் என்பவருக்கும் இடையே இருப்பது நாகரிக வித்தியாசம் மட்டும்தான். தேர்தல் காலத்தில் தலைவர்கள் காலனி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அது செய்தியாவதன் காரணமும் இதுதான். சாதாரணமாக நடக்கிற காரியம் செய்தியாகாது.

நாம் செய்யக்கூடியது

அந்தக் கண்ணாடிக் குடுவையில் போடும் விலை உயர்ந்த தூள் பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம், அராபிகாவில் எந்த வகை, வெயிலில் உலர்த்தியதா, கழுவி எடுத்ததா என்றெல்லாம் இருக்கும். பறித்தவருக்கு என்ன கூலி, அவர் வாழும் லயனில் கழிப்பறை உண்டா என்பது இருக்காது. கழிப்பறைக் கேள்வி 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கேட்ட கேள்விதான். வாங்கும் நாம் அந்த நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்.

கிராம ஆய்வுக்குப் போகும் மாணவர்கள், 'இந்த ஊரில் இரட்டைக் குவளை உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். ஒரே கடையில் ஒரே நேரத்தில் யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப்? யார் பெஞ்சில் உட்கார்ந்தார், யார் நின்றார்? கப்பை யார் எடுத்துப் போட்டார்? நாள், நேரம், கடை அமைந்த தெரு எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். 4ஆம் பிரிவின் கீழ் புகார் எழுத இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

கடைசியாக, சொந்த அறை. வாடகைக்கு வீடு தேடும்போதே 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வியைத் தாண்டித்தான் நம் பிள்ளைகள் அந்த அறைக்குள் வந்திருக்கிறார்கள். அங்கே காப்பி போட்டால் உடன் படிக்கும் எல்லாச் சாதி நண்பர்களையும் கூப்பிடுங்கள். உங்கள் டம்ளரில் கொடுங்கள். அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போகும்போது உங்களுக்கு எந்த டம்ளர் வருகிறது என்று கவனியுங்கள், வேறுபாடு தெரிந்தால் அந்த நண்பரிடம் நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வியை அவர் தன் அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும். அந்த வீட்டு அடுப்படிக்குள் போய்க் கேட்க வேறு யாராலும் முடியாது.