டியூ நோட்டும் பேலன்ஸ் ஷீட்டும்

சேந்தமங்கலத்தில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு நான் கணக்கெழுதத் தொடங்கியபோது நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. மரவள்ளிக்கிழங்கு லோடு வந்து இறங்கும் மாதங்களில் மில்லில் பணம் புரளும். மற்ற மாதங்களில், மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியை விற்ற காசுகூடப் பெரிதாகத் தெரியும். கிழங்குக்குப் பருவம் உண்டு; கடன் தவணைக்கு, எங்கள் பேச்சில் டியூவுக்கு, கிடையாது.

டியூவை எங்கள் வட்டாரத்துக்குப் பழக்கியது லாரிதான். 1954-இல் டி.எஸ். சந்தானம் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1979-இல் வந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்றவை லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தன. ஹயர் பர்ச்சேஸில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி ஃபைனான்ஸ்காரருடையது. இதற்கென்று 1972-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒருநாளும் அமலுக்கு வராமலே 2005-இல் ரத்தானது. வண்டிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மெஷினுக்கு லீஸ் என்ற வழி 1973-இல் சென்னையில் ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனியோடு வந்தது. மெஷின் லீஸ் கம்பெனியின் பேரில் இருக்கும். தேய்மானத்தை அவர்கள் எழுதி வரியைக் குறைத்துக்கொள்வார்கள்; நாங்கள் வாடகையைச் செலவில் எழுதுவோம். ஐந்து வருஷக் கடன் புத்தகத்தில் எங்குமே இருக்காது. பேங்க்காரர் வந்து பார்த்தால் மில் கடனில்லாமல் பளிச்சென்று தெரியும். முதலாளிகளுக்கு லீஸ் இனித்ததில் பாதி இதனால்தான் என்பது என் எண்ணம்.

2001 ஏப்ரல் 1 முதல் போடும் லீஸுகளுக்கு 19-ஆம் கணக்கியல் தரநிலை வந்து அதைக் கெடுத்தது. பேர் யாருடையதாக இருந்தாலும், மெஷினின் பலனும் நஷ்டமும் பெரும்பாலும் நம் தலையில் என்றால் அது ஃபைனான்ஸ் லீஸ். மெஷினைச் சொத்திலும் பாக்கியைக் கடனிலும் ஏற்ற வேண்டும்.

"மிஷின் நம்ம பேர்லயே இல்லீங்களே, கடன்ல எதுக்குங்க எழுதோணும்?" என்றார் முதலாளி.

"டியூ நாமதானுங்களே கட்டறோம்?" என்றேன்.

அந்தக் கடனில் அடுத்த 12 மாதத்துக்குள் தீர வேண்டிய பங்கைப் பிரித்து, நடப்புப் பொறுப்பில் தனி வரியாகக் காட்டச் சொன்னது 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, கம்பெனிச் சட்டத்தின் திருத்திய ஆறாம் அட்டவணை. படித்த பிள்ளைகளும் தடுமாறுவது இந்த வரியில்தான். 10 லட்ச ரூபாய் மெஷின், 12 சதவீத வட்டி, வருஷக் கடைசியில் ஒரு தவணையாக 5 ஆண்டு என்று வையுங்கள். தவணை 2,77,410 ரூபாய். முதல் தவணையில் வட்டி 1,20,000 போக அசலில் 1,57,410 கழியும், பாக்கி 8,42,590. அன்றைய பேலன்ஸ் ஷீட்டில் நடப்புப் பொறுப்பு எவ்வளவு? 2,77,410 அல்ல, 1,76,299. இரண்டாம் தவணையில் மிச்சமுள்ள 1,01,111 அடுத்த வருஷத்து வட்டி. அது இன்னும் கடனாகவே ஆகவில்லை.

கணக்குச் சரி. ஆனால் மில் புரட்ட வேண்டிய பணம் முழு 2,77,410. தேதிவாரியாக டியூ எழுதிவைத்த எங்கள் நாற்பது பக்க நோட்டில் அந்த முழுத் தொகைதான் இருக்கும். 2019 ஏப்ரலில் இந்த் ஏஎஸ் 116 வந்தபின் பெரிய கம்பெனிகள் கட்டட வாடகையைக்கூடப் பெரும்பாலும் இப்படிக் கடனாக ஏற்றுகின்றன. அங்கும் வட்டி விஷயம் இதேதான்.

மில்லுக்குக் கடன் கொடுக்கப் போகிறவர்கள் பேலன்ஸ் ஷீட்டோடு நிற்காமல் டியூ நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.