தலைமுறைக் கப்பல் பேரிடர்கள்

தலைமுறைக் கப்பல் பேரிடர்கள் என்பவை, வேறொரு விண்மீனை நோக்கித் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைச் சுமந்து செல்லும் கப்பலில் நேரக்கூடியவையாக அறிவியல் புனைவு சித்தரிக்கும் அழிவுகள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கில் சென்றாலும் போய்ச்சேர 42 ஆண்டுகள் தாண்டிவிடும். நடுவழியில் கெட்டுப்போவதைக் கப்பலில் இருப்பதை வைத்தே சரிசெய்தாக வேண்டும்.

அந்த வேகத்தில் எதிர்ப்படும் 1 கிராம் தூசு, சுமார் 100 டன் டிஎன்டி வெடித்ததற்கு இணையான ஆற்றலுடன் மோதும். மோதலை வைத்து எழுதப்பட்டவற்றில் பால் ஆண்டர்சனின் ‘டௌ ஜீரோ’ (1970) முதன்மையானது. 50 பேருடன் செல்லும் கப்பல் ஒரு வாயுமுகிலுக்குள் புகுந்துவிட, வேகத்தைக் குறைக்கும் அமைப்பு பழுதாகிறது. அதைச் சீர்செய்ய எந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலோ கப்பலைக் காக்கும் காந்தப்புலமும் அணைந்து, எதிரே வரும் வாயுவே உயிரைக் குடிக்கும் கதிர்வீச்சாகிவிடும். வாயு மிக அரிதான வெளியைத் தேடி மேலும் மேலும் விரைவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. இயற்பியல் விதியையே கதையின் முடிச்சாக்கிய விதத்தில் இதற்கு நிகரான நாவல்கள் குறைவு.

ராபர்ட் ஹைன்லைனின் ‘யூனிவர்ஸ்’ (1941) கலகத்தை எடுத்துக்கொள்கிறது. கலகத்துக்குப் பின் வந்த தலைமுறைகள் தாங்கள் இருப்பது கப்பல் என்பதையே மறந்துவிடுகின்றன. பிரையன் ஆல்டிஸின் ‘நான்-ஸ்டாப்’ (1958) நாவலில் அந்நியக் கோளில் நிரப்பிய தண்ணீரே கொள்ளைநோயைக் கொண்டுவருகிறது.

ஆனால் நடக்க அதிக வாய்ப்புள்ளது, மூடிய சூழலமைப்பு ஓசையில்லாமல் சீர்குலைவதுதான். பூமியிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ‘பயோஸ்பியர் 2’ என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 செப்டம்பரில் 8 பேர் ஈராண்டு வாழப் புகுந்தனர். 20.9 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் 16 மாதங்களில் சுமார் 14.5 விழுக்காடாக இறங்கியது. ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கியது. வளமான மண்ணில் பெருகிய நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிட்டன; அந்த வாயுவையும் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாக்கிக்கொண்டது. அதனால் காணாமல்போன ஆக்சிஜன் எங்கே போனது என்பது உடனே பிடிபடவில்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். விண்கப்பலுக்கு அந்த ‘வெளி’ கிடையாது.

இந்தப் பேரிடரை மிக நேர்மையாக எழுதியவர் கிம் ஸ்டான்லி ராபின்சன். அவருடைய ‘அரோரா’ (2015) நாவலில் ஏறத்தாழ 2,000 பேர், 24 உயிர்ச்சூழல் அறைகளோடு, 12 ஒளியாண்டு தொலைவிலுள்ள டௌ செட்டி விண்மீனை நோக்கிச் செல்கிறார்கள். பொறியாளர் டெவியின் நாட்கள் கணக்குப் பார்ப்பதிலேயே கழிகின்றன. பாஸ்பரஸ் பயிருக்கு எட்டாத சேர்மங்களாகிச் சிக்கிக்கொள்கிறது. மனிதர்களை விடப் பாக்டீரியா விரைவாகப் பரிணாமம் அடைகிறது. ஒரு குறையை அடைத்தால் இன்னொன்று வாய் பிளக்கிறது. பூமியில் இரும்பும் அலுமினியமும் மிகுந்த மண்ணிலும் பாஸ்பரஸ் இப்படிப் பூட்டிக்கொள்வதுண்டு. உழவர்கள் உரமிட்டு ஈடுகட்டுகிறார்கள். கப்பலுக்கு உர மூட்டை வந்து இறங்காது. சென்றடைந்த இடமும் வாழத் தகாததாகிவிட, ஒரு பகுதியினர் திரும்புகின்றனர். வழியில் பயிர்கள் பொய்த்துப் பட்டினி சூழவே, எஞ்சியவர்கள் உறைதுயிலில் ஆழ்த்தப்படுகிறார்கள்.