நவாப் வீட்டுக்கு வந்த ஏப்ரன்

பூந்தமல்லியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் ஆற்காடு நவாபிடமிருந்து ஜாகீராகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கொடுத்தவர் நவாப் முகமது அலி. அவருடைய மூத்த மகன் உம்தத்-உல்-உமராவுக்கு வெள்ளைக்காரர்களிடமிருந்து வேறொன்று கிடைத்தது: 'சகோதரர்' என்ற உறவு.

1770களில் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டெரன்ஸ் கஹகன் அவரை ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்த்தார். அதில் முதன்முதலாகச் சேர்ந்த இந்தியர்களில் அவரும் ஒருவர்.

கல்தச்சர் குழுக்களின் மரபைத் தனதாக்கிக்கொண்ட சங்கம் அது. சங்கத்தின் கிளைக்கு 'லாட்ஜ்' என்று பெயர். 1717இல் லண்டனில் தலைமை லாட்ஜ் அமைந்தது; 1723இல் சட்டநூல் வந்தது. கட்டடக் கருவிகள்தாம் அங்கே பாடம். மூலைமட்டம் நேர்மையைச் சொல்லும். மட்டக்கருவி எல்லோரும் சமம் என்னும். கவராயம் ஆசைக்கு எல்லை வகுக்கும். கடவுள் நம்பிக்கை கட்டாயம், ஆனால் எந்த மதம் என்ற கேள்வி இல்லை. நலிந்த உறுப்பினரின் குடும்பத்தைத் தாங்குவது கடமை. லாட்ஜுக்குள் மதச் சச்சரவும் அரசியலும் பேசக்கூடாது. பெண்களுக்கு இடமில்லை.

1779இல் லண்டன் தலைமை லாட்ஜ் சங்கத்தினர் இடுப்பில் கட்டும் அலங்கார ஏப்ரன் ஒன்றையும் அழகாகப் பைண்டு செய்த சட்டநூலையும் இளவரசருக்கு அனுப்பிவைத்தது. அவர் பாரசீக மொழியில் நன்றி எழுதினார்.

1795இல் அவர் நவாப் ஆனார். 1801 ஜூலையில் இறந்தார். திப்புவுடன் ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று குற்றம்சாட்டி, ஆட்சியை ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி. மகன் அலி உசேன் மறுத்தார். அவரை ஒதுக்கிவிட்டு, உறவினர் அசீம்-உத்-தௌலாவிடம் அதே மாதம் 31ஆம் தேதி ஒப்பந்தம் வாங்கினார்கள். பட்டம் குடும்பத்திடம் தங்கியது; நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதி கம்பெனிக்குப் போனது.

அரசியல் பேசாதே என்ற விதிதான் பகைவரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்தது. அது பெரிய காரியம். ஆனால் சகோதரரின் வீட்டுக்கு அநீதி வந்தபோது வாய் திறக்கவும் அந்த விதி இடம் தரவில்லை. சமத்துவத்தை வாசலோடு நிறுத்திக்கொள்ளும் எந்தச் சங்கத்துக்கும், அது சாதிச் சங்கமோ வணிகர் சங்கமோ, இந்தக் குறை உண்டு.

இந்தியாவுக்கெனத் தனித் தலைமை லாட்ஜ் 1961இல்தான் அமைந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, உள்ளே நுழையக் கல்கத்தாவில் ஓர் இந்து பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. பிரசன்ன குமார் தத்தாவின் அந்தப் போராட்டம் அடுத்த வாரம்.

(தொடரும்)