ஒரு தாயின் மூக்கும் ஒரு மரபணுவும்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். பிள்ளை நன்றாக இருக்கும்வரை அது பெருமை. பிள்ளைக்கு ஒரு குறை என்றால் அதே பழமொழி வசவாகத் திரும்பும். அவள் வயிறு அப்படி என்பார்கள். நூலில் பாதி தகப்பனுடையது என்பதை யாரும் நினைப்பதில்லை. நூல் மட்டும் சேலையாகிவிடாது, தறியும் சாயமும் நெய்யும் கையும் வேண்டும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. இதையெல்லாம் நான் தெளிவாகப் புரிந்துகொண்டது நார்வே நாட்டுத் தாய் ஒருவரின் கதையிலிருந்து.

அவர் பெயர் போர்க்னி எகலன்ட். 1927இல் மகள் லிவ், 1930இல் மகன் டாக். பிறக்கும்போது இருவரும் நலமாகவே இருந்தார்கள். வளர வளர லிவ் சில சொற்களோடு நின்றுவிட்டாள். டாக் நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பிள்ளைகளிடமிருந்து ஒரு மக்கிய வாடை வருவதைத் தாய் கவனித்தார். மருத்துவர் மருத்துவராகப் போய்ச் சொன்னார். ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரும் விடவில்லை.

1934இல் ஆஸ்லோவில் மருத்துவரும் வேதியியலாளருமான அஸ்பியோர்ன் ஃபோலிங் அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டபோது அது பச்சையாக மாறியது. அந்தத் தாய் லிட்டர் கணக்கில் சிறுநீர் சேகரித்துக் கொடுக்க, ஃபோலிங் அதிலிருந்து ஃபினைல்பைருவிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நோய்க்கு ஃபோலிங் நோய் என்றே பெயர் வந்தது. பின்னாளில் அது ஃபினைல்கீட்டோனூரியா ஆனது. வாடையை முதலில் அறிந்தவரின் பெயர் நோயின் பெயரில் இல்லை.

நாம் உண்ணும் புரதத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. கல்லீரலில் ஒரு நொதி அதை டைரோசினாக மாற்றுகிறது. அந்த நொதிக்கான மரபணுவின் பழுதான பிரதி ஒன்றைத் தாயும் இன்னொன்றைத் தகப்பனும் கொடுத்தால், குழந்தையின் உடலில் அந்த மாற்றம் நடப்பதில்லை. ஃபினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைச் சிதைக்கிறது. தாய்ப்பாலிலும் அது இருக்கிறது. மரபணு மட்டும் இந்தக் கேட்டைச் செய்வதில்லை, உணவும் மட்டும் செய்வதில்லை. இரண்டும் சேரும்போதுதான் கேடு. அப்படியென்றால் உணவை மாற்றினால்?

1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பதினேழு மாதக் குழந்தை ஷீலாவின் தாய் இதே கேள்வியோடு நின்றார். நோயின் பெயரைச் சொன்ன மருத்துவர் ஹோர்ஸ்ட் பிக்கலிடம், என் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்டார். பிக்கலும் ஜான் ஜெரார்டும் வேதியியலாளரான ஈவ்லின் ஹிக்மன்ஸ் என்ற பெண்ணும் சேர்ந்து, லூயி வுல்ஃபின் யோசனைப்படி ஃபினைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்தார்கள். ஷீலா தவழ்ந்தாள், நிற்கக் கற்றாள், வாடை மறைந்தது. இது உணவால் வந்த மாற்றம்தானா என்று அறிய, தாய்க்குத் தெரியாமல் ஃபினைல்அலனினை மீண்டும் கலந்தார்கள். குழந்தை மறுபடி வீறிட்டு அழுதது. 1953இல் இந்த முடிவுகள் லான்செட் இதழில் வெளியாயின. போராடிப் பெற்ற மருந்தில் தாயிடமே ஒளித்துச் சோதனை செய்தார்கள் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடல் கடந்து இன்னொரு தாய். நாவலாசிரியர் பேர்ல் பக்கின் மகள் கரோல் 1920இல் சீனாவில் பிறந்தாள். பல ஆண்டுகள் மறைத்த துயரத்தைப் பக் 1950இல் தன் புத்தகத்தில் எழுதினார். அப்போதும் அவருக்கு நோயின் பெயர் தெரியாது. கரோல் நடுவயதை எட்டிய பிறகே தெரிந்தது.

1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வடிதாளில் ஒற்றிப் பார்க்கும் சோதனையை உருவாக்கினார். உணவுக் கட்டுப்பாட்டோடு பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆறு வயதானால் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணிப் பல இடங்களில் கட்டுப்பாட்டை நிறுத்தினார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் வளர்ந்து கருத்தரித்தபோது வேறொரு கேடு வெளிப்பட்டது. அவர்களுக்குப் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் இல்லை. ஒரு பிரதிதான் பழுது. ஆனாலும் பலர் சிறிய தலையோடும் மூளைப் பாதிப்போடும் பிறந்தார்கள். தாயின் இரத்தத்தில் தேங்கியது நஞ்சுக்கொடி வழியே கருவை எட்டியிருந்தது. கருத்தரிக்கும் முன்பே உணவை ஒழுங்கு செய்த பெண்களுக்கு நல்ல பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்தக் கருவுக்குத் தாயின் உடல்தான் சூழல். ஆனால் சூழல் என்றவுடன் பழியை மறுபடி பெண் தலையில் ஏற்றிவிடக் கூடாது. அந்தப் பெண்கள் உணவை விட்டது மருத்துவம் சொன்னதால். அந்தச் சிறப்பு உணவின் விலை, அதைக் கொடுக்கும் அரசு, இருக்கிறதா இல்லையா என்ற சோதனை, சமைக்கும் கைக்கு ஒரு துணை எல்லாமே சூழல்தான். சொந்தத்தில் மணம் முடிப்பது வழக்கமான நம் ஊரில் இத்தகைய பழுதுகள் இரண்டு பக்கமும் சேரும் வாய்ப்பு கூடுதல். ஆனாலும் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் குதிகால் சோதனை என்பது இந்தியாவில் இன்னும் கட்டாயமாகவில்லை.

போர்க்னியின் பிள்ளைகளுக்கு இந்த அறிவு உதவவில்லை. டாக் ஆறு வயதில் இறந்துபோனான். அவர் அறிந்த வாடையால் வேறு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பேசினார்கள், படித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அடுத்தமுறை ஒரு தாய், குழந்தையிடம் ஏதோ சரியில்லை என்று சொன்னால், அவள் வயிற்றைப் பேசாமல், அவள் கவனித்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.