கதவைத் தட்டியவர்கள்

வாக்குரிமையின் கதை – 14

2018 அக்டோபர் 15. ஜார்ஜியா மாநிலத்தில் முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிய நாள். ஜெஃபர்சன் கவுன்ட்டியில் லூயிவில் என்ற சிற்றூரின் முதியோர் மையத்துக்கு ‘பிளாக் வோட்டர்ஸ் மேட்டர்’ அமைப்பின் பேருந்து வந்து நின்றது. சுமார் நாற்பது முதியவர்கள், எல்லோரும் கறுப்பினத்தவர், வாக்குச்சாவடிக்குப் போவதற்காக ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்புவதற்குள் கவுன்ட்டி நிர்வாகத்திடமிருந்து மையத்துக்கு உத்தரவு வந்தது: எல்லோரையும் இறக்கிவிடுங்கள். கவுன்ட்டிக்குச் சொந்தமான இடத்தில் அரசியல் நடவடிக்கை கூடாது என்று காரணம் சொன்னார்கள். முதியவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கறுப்பினத்தவர் வாக்களிக்கப் போனால் வேலையோ உயிரோ போகும் என்றிருந்த காலத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

சென்ற வாரம் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் பிறந்த கதையைப் பார்த்தோம். அந்தச் சட்டம் உயிரோடு இருக்கும்போதே இப்படி நடந்தது எப்படி? சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் விடை இருக்கிறது.

கறுப்பினத்தவரின் வாக்கைத் தடுத்துவந்த மாநிலங்களை அந்தச் சட்டம் தனியே பிரித்து வைத்தது. ஐந்தாவது பிரிவின்படி அவை தேர்தல் விதிகளில் எதை மாற்றினாலும், ஒரு வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனாலும், முதலில் வாஷிங்டனில் கூட்டாட்சி அரசின் நீதித்துறையிடமோ அங்குள்ள நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். யாருக்கும் பாதகமில்லை என்று நிரூபிக்க வேண்டியது மாநிலத்தின் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் வக்கீல் தேடி அலைய வேண்டியதில்லை. கெடுதல் நடப்பதற்கு முன்பே அது நிறுத்தப்பட்டது. அமெரிக்கச் சட்டங்களில் இப்படி ஏழையின் பக்கம் நின்று யோசித்த சட்டம் குறைவு.

அலபாமாவின் ஷெல்பி கவுன்ட்டி தொடுத்த வழக்கில் 2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐந்தாவது பிரிவை நீதிபதிகள் தொடவில்லை. அது எந்தெந்த மாநிலங்களுக்குப் பொருந்தும் என்று வரையறுத்த நான்காவது பிரிவின் அளவுகோல்தான் காலாவதியாகிவிட்டது என்றார்கள். நாடு மாறிவிட்டது, பழைய புள்ளிவிவரங்களை வைத்து இன்றைய மாநிலங்களைக் கட்டிப்போடக் கூடாது என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதம். மாநிலங்களின் பட்டியலே இல்லாமல் போனதும் ஐந்தாவது பிரிவு வெறும் எழுத்தாகிவிட்டது. அதே சட்டத்தை 2006ல் செனட் சபை 98–0 என்று, எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல், நீட்டித்திருந்தது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாற்றுத் தீர்ப்பில், கொட்டும் மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவதா என்று கேட்டார்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதற்கு ஜார்ஜியாவைப் போலத் தெளிவான சாட்சி வேறில்லை. வாக்காளர் விண்ணப்பத்தில் உள்ள விவரங்களை அரசுப் பதிவேடுகளோடு கணினியில் ஒப்பிட்டு, சிறு வித்தியாசம் இருந்தாலும் நிறுத்திவைக்கும் முறை ஒன்று அங்கே இருந்தது. 2009ல் நீதித்துறை அதற்கு ஆட்சேபம் தெரிவித்தது. கறுப்பினத்தவரும் ஆசிய, ஹிஸ்பானிய வம்சத்தினரும்தான் அதில் அதிகம் சிக்குகிறார்கள் என்றது. மாநிலம் முறையைத் திருத்த வேண்டியதாயிற்று. 2017ல் அதேபோன்ற ஏற்பாடு ஒரு சட்டமாகவே நிறைவேறியது. இந்த முறை அனுமதி கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. 2018 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு ஏறத்தாழ 53,000 விண்ணப்பங்கள் கிடப்பில் இருந்தன. அவற்றில் சுமார் 70 சதவீதம் கறுப்பினத்தவருடையவை. அவர்கள் அடையாள அட்டையோடு சாவடிக்கு வந்தால் வாக்களிக்கலாம் என்று அரசு சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று கடிதம் பெற்ற எத்தனை பேர் அதன் பிறகும் வரிசையில் வந்து நிற்பார்கள்?

2017 ஜூலையில் ஒரே வீச்சில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் சுமார் 1,07,000 பேர் செய்த ஒரே குற்றம், சில தேர்தல்களில் வாக்களிக்காததும் அஞ்சலில் வந்த அறிவிப்புக்குப் பதில் போடாததும். 2012க்கும் 2018க்கும் இடையில் மாநிலம் முழுவதும் 214 வாக்குச்சாவடிகள் மூடப்பட்டன. கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ராண்டால்ஃப் கவுன்ட்டியில் ஒன்பதில் ஏழு சாவடிகளை மூடும் யோசனை 2018 ஆகஸ்டில் வந்தபோது ஊரே திரண்டு வந்து எதிர்த்தது. தேர்தல் வாரியம் கூடி, ஒரு நிமிடம்கூட ஆகாமல் யோசனையைக் கைவிட்டது. அங்கே செய்தியாளர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள், தேசமே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத ஊர்களில் சாவடிகள் சத்தமில்லாமல் மூடப்பட்டன.

அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் எழுத அரசு அலுவலர் வீடு தேடி வருவதில்லை. பதிவு செய்துகொள்வது குடிமகனின் வேலை. அந்த வேலையைத்தான் ஸ்டேசி ஏப்ரம்ஸ் கையில் எடுத்தார். மெதடிஸ்ட் போதகர்களான பெற்றோருக்குப் பிறந்து மிசிசிப்பியில் வளர்ந்தவர், வரிச்சட்ட வழக்கறிஞர், அப்போது மாநிலச் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியின் தலைவர். ‘நியூ ஜார்ஜியா புராஜெக்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, பதிவு செய்யாத கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர், இளைஞர்களைத் தேடிப்போனார். 2014ல் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் சேர்ந்தன.

அவருடைய கணக்கு கட்சியின் பழைய ஆலோசகர்களுக்குப் பிடிக்கவில்லை. தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஜெயிக்க வேண்டுமானால் ஊசலாடும் வெள்ளையின வாக்காளர்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் பாடம். ஏப்ரம்ஸ் வேறு மாதிரி யோசித்தார். மனம் மாறக்கூடிய சில ஆயிரம் பேரைத் துரத்துவதைவிட, யாரும் இதுவரை வாசலுக்கு வந்து வாக்குக் கேட்காத லட்சக்கணக்கானோரைக் கேட்போம் என்றார். இந்த இயக்கத்தில் அவருடைய பெயர்தான் உலகுக்குத் தெரிந்தது. ஆனால் நியூ ஜார்ஜியா புராஜெக்ட்டை நடத்திய என்சே யூஃபோட், பாதிரியார் ஜோசஃப் லோவரி தொடங்கிய அமைப்பைத் தொடர்ந்து நடத்திய ஹெலன் பட்லர், பேருந்தில் ஊர் ஊராகப் போன லடோஷா பிரவுன் என்று அதில் பெண்களின் உழைப்பே பெரிது.

2018ல் ஏப்ரம்ஸ் ஆளுநர் பதவிக்கு நின்றார். எதிரில் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப். தேர்தலை நடத்தும் மாநிலச் செயலரும் அவரே. தன் தேர்தலைத் தானே மேற்பார்வையிட்ட அவர், வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் அந்தப் பதவியிலிருந்து விலகினார். சுமார் 39 லட்சம் வாக்குகளில் 54,723 வாக்குகள் வித்தியாசத்தில் ஏப்ரம்ஸ் தோற்றார். கெம்ப்தான் ஆளுநர் என்பதை ஏற்கிறேன், ஆனால் இது நியாயமான தேர்தல் என்று சொல்ல மாட்டேன் என்ற பொருள்பட அவர் பேசியது இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது. அந்தப் பேச்சைவிட அதற்குப் பிறகு செய்த வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம். ‘ஃபேர் ஃபைட்’ என்ற புதிய அமைப்பைத் தொடங்கி, வழக்கு ஒரு பக்கம், வாக்காளர் பதிவு ஒரு பக்கம் என்று இறங்கினார். ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே தானாகப் பதிவாகும் முறை 2016ல் வந்திருந்ததும் பெரிய துணை. அதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

2020ல் கொரோனா வந்தது. ஜூன் மாத முதல்நிலைத் தேர்தலில் அட்லாண்டா பகுதியில் சிலர் நள்ளிரவு தாண்டி வாக்களித்தார்கள். தொண்டர்கள் அதிலிருந்து பாடம் படித்தார்கள். நவம்பருக்கு முன் தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் ஒவ்வொருவரையும் கேட்டார்கள்: உங்கள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறதா? சாவடி மாறியிருக்கிறதா? தபால் வாக்கு வந்து சேர்ந்ததா? வாக்குப்பதிவு முடிந்த பிறகும் வேலை முடியவில்லை. கையெழுத்து ஒத்துப்போகாததால் நிராகரிக்கப்பட்ட தபால் வாக்கைச் சரிசெய்ய ஜார்ஜியா சட்டம் அப்போது மூன்று நாள் அவகாசம் தந்தது. அந்த மூன்று நாளும் தொண்டர்கள் பட்டியலோடு வீடு வீடாக ஓடினார்கள். ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகள் பதிவான ஜனாதிபதித் தேர்தலில் ஜோ பைடன் 11,779 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். 1992க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு ஜார்ஜியா கிடைத்தது அப்போதுதான். வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணியும் பார்த்தார்கள்; முடிவு மாறவில்லை. 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி தோற்ற ஜனாதிபதி டிரம்ப் தொலைபேசியில் கேட்டபோது மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் மறுத்தார். அவரும் டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்தான். அந்த மறுப்புக்கு இந்த வரலாற்றில் மரியாதையான இடம் உண்டு.

செனட் சபையின் இரண்டு இடங்களுக்கு யாருக்கும் பாதி வாக்கு கிடைக்காததால் 2021 ஜனவரி 5 அன்று இரண்டாம் சுற்றுத் தேர்தல் வந்தது. இந்த இரண்டாம் சுற்று எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1963 வரை ஜார்ஜியாவின் கட்சித் தேர்தல்களில் மக்களின் வாக்கை அப்படியே எண்ணுவதில்லை. கவுன்ட்டி ஒவ்வொன்றுக்கும் இத்தனை அலகு என்று வைத்திருந்தார்கள். சின்னஞ்சிறு கிராமக் கவுன்ட்டிகள் மூன்று சேர்ந்தால் அட்லாண்டா நகரத்துக்கு ஈடாகிவிடும். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போது டென்மார்க் குரோவர் என்ற சட்டமன்ற உறுப்பினர், வெற்றிக்குப் பாதிக்கு மேல் வாக்கு கட்டாயம், இல்லையேல் இரண்டாம் சுற்று என்ற விதியை முன்னெடுத்தார். அவருடைய கணக்கு இதுதான்: வெள்ளையினத்தவரின் வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறும்போது, ஒன்றுபட்ட கறுப்பின வாக்குகளால் ஒருவர் ஜெயித்துவிடக் கூடாது; இரண்டாம் சுற்றில் இருவர் மட்டுமே நின்றால் வெள்ளையின வாக்குகள் ஒன்றுசேர்ந்துவிடும். 1958ல் கறுப்பின வாக்குகளால் தோற்ற அனுபவம் குரோவருக்கு இருந்தது. தன் நோக்கத்தில் இனவெறி இருந்தது என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 1964ல் அது சட்டமானது.

அந்த விதி அரை நூற்றாண்டு நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் சுற்றில் வாக்குப்பதிவு சரியும், ஏழைகள் இரண்டாவது முறை விடுப்பெடுத்து வர மாட்டார்கள். 2008 நவம்பரில் செனட் இடத்துக்குச் சுமார் 37 லட்சம் பேர் வாக்களித்தார்கள். டிசம்பர் இரண்டாம் சுற்றில் 21 லட்சம் பேரே வந்தார்கள். 2021 ஜனவரியிலோ சுமார் 45 லட்சம் பேர் வந்தார்கள்! வெள்ளையினத்தவர் அதிகம் வாழும் கிராமப் பகுதிகளில் வாக்கு சரிந்த அளவுக்குக் கறுப்பினப் பகுதிகளில் சரியவில்லை. கறுப்பினத்தவர் ஜெயிக்கக் கூடாது என்று செய்த அதே ஏற்பாட்டின் வழியாக, மார்ட்டின் லூதர் கிங் போதித்த எபனேசர் தேவாலயத்தின் போதகர் ரஃபேல் வார்னாக், ஜார்ஜியாவின் முதல் கறுப்பின செனட்டர் ஆனார். அவருடைய தாய் இளம் வயதில் அடுத்தவர் வயலில் பருத்தி எடுத்தவர். இன்னொரு இடத்தில் 33 வயது ஜான் ஆஸாஃப் ஜெயித்தார். செனட் 50–50 ஆனது. துணை ஜனாதிபதியின் ஒரு வாக்கே இனி முடிவைத் தீர்மானிக்கும் என்ற நிலை. அந்த வாக்கு மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸுடையது. பதவியேற்ற அன்றே வார்னாக்குக்கும் ஆஸாஃபுக்கும் பிரமாணம் செய்துவைத்தவரும் அவரே.

பதிலடி மூன்றே மாதத்தில் வந்தது. 2021 மார்ச் 25 அன்று ஆளுநர் கெம்ப் கையெழுத்திட்ட எஸ்.பி. 202 சட்டம், தபால் வாக்குப் பெட்டிகளைக் குறைத்தது. தபால் வாக்குக்கு அடையாள எண்ணைக் கட்டாயமாக்கியது. வரிசையில் நிற்போருக்குச் சாவடியிலிருந்து 150 அடிக்குள் தண்ணீரோ உணவோ கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஒருவர் எத்தனை வாக்காளர்களின் தகுதியை வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்றது. இரண்டாம் சுற்றுக்கான அவகாசம் ஒன்பது வாரத்திலிருந்து நான்கு வாரமானது. இதைச் சாதாரண நிர்வாக மாற்றம் என்று கடந்துவிடக் கூடாது. பதிவுக்கான கடைசி நாள் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு. ஆகவே முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இடையில் புதிதாக யாரையும் பதிவு செய்ய முடியாது. 2020 டிசம்பரில் அப்படிச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

ஆனாலும் 2022ல் முன்கூட்டிய வாக்குப்பதிவு பெருகியது. வார்னாக்குக்கு மறுபடி இரண்டாம் சுற்று. நன்றியறிதல் விடுமுறையை அடுத்த சனிக்கிழமை வாக்களிக்கக் கூடாது என்றது மாநிலம். முந்தைய நாள் அரசு விடுமுறையாம். அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் பெயரில் முன்பு கொண்டாடப்பட்ட விடுமுறை அது. ஜனநாயகக் கட்சி வழக்குப் போட்டு வென்றது. அந்த ஒரு சனிக்கிழமை சுமார் 70,000 பேர் வாக்களித்தார்கள். டிசம்பர் 6 அன்று வார்னாக் ஜெயித்தார். ஆளுநர் தேர்தலில் ஏப்ரம்ஸ் கெம்பிடம் மீண்டும் தோற்றிருந்தார், இம்முறை பெரிய வித்தியாசத்தில்.

இத்தனை பேர் வாக்களித்தார்களே, பிறகு தடை எங்கே இருந்தது என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்கு வருத்தம் தருகிறது. வாக்கு எண்ணிக்கையில் எட்டு மணி நேர வரிசை தெரியாது. பட்டியலில் தன் பெயரை மாதம் ஒருமுறை சரிபார்த்த மூதாட்டி தெரிய மாட்டார். முன்பு மாநில அரசு சுமந்த நிரூபிக்கும் பாரம் 2013க்குப் பிறகு தொண்டர்களின் தோளுக்கு மாறியது. அவர்கள் சுமந்ததால்தான் எண்ணிக்கை கூடியது. அப்படியும் வெள்ளையினத்தவருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான வாக்குப்பதிவு இடைவெளி ஜார்ஜியாவில் 2012க்குப் பிறகு அகன்றிருக்கிறது.

அந்தத் தோள்கள் களைக்கவும் செய்தன. ஃபேர் ஃபைட்டின் பெரிய வழக்கை 2022 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் முழுவதுமாகத் தள்ளுபடி செய்தார். 2018ல் ஏப்ரம்ஸுக்காகச் செய்த பிரசாரச் செலவை முறைப்படி காட்டாததற்காக நியூ ஜார்ஜியா புராஜெக்ட் 2025 ஜனவரியில் 3 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் டிரம்ப் ஜார்ஜியாவைச் சுமார் 1,15,000 வாக்குகள் வித்தியாசத்தில் மீட்டுக்கொண்டார்.

இதற்கிடையில், வாக்குரிமைச் சட்டத்தில் ஷெல்பி தீர்ப்பு விட்டுவைத்த இரண்டாவது பிரிவைப் பிடித்துக்கொண்டு அலபாமாவின் கறுப்பின வாக்காளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜூன் 8 அன்று, ஷெல்பி தீர்ப்பை எழுதிய அதே ராபர்ட்ஸ் அவர்களுக்குச் சாதகமாக எழுதினார். அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.