துணைத்தகவல் (ஆய்வுக்கட்டுரை)

துணைத்தகவல் என்பது அறிவியல் ஆய்வுக்கட்டுரை ஒன்றின் முதன்மைப் பகுதியில் இடம்பெறாமல், அதனுடன் தொடர்புபடுத்தித் தனிக் கோப்பாக வெளியிடப்படும் தரவுகள், அட்டவணைகள், செய்முறை விளக்கங்கள், கணினி நிரல்கள், நிகழ்படங்கள் முதலியவற்றைக் குறிக்கும். கட்டுரையின் இறுதியில் அதன் ஒரு பகுதியாகவே அமைவது பின்னிணைப்பு எனப்படும். ஆய்வின் முடிவுகளைப் பிறர் சரிபார்ப்பதற்கும், ஆய்வை மீண்டும் செய்து பார்ப்பதற்கும் இவை உதவுகின்றன.

வரலாறு

பின்னிணைப்பு பழமையான வழக்கமாகும். பகுமுறை வடிவகணிதத்துக்கு அடித்தளமிட்ட ரெனே டேக்கார்ட்டின் "வடிவகணிதம்", 1637 இல் அவருடைய மெய்யியல் நூலொன்றுடன் இணைத்து வெளியிடப்பட்ட மூன்று கட்டுரைகளுள் ஒன்று. அங்கேரியக் கணிதவியலாளர் யானோசு போல்யாய், யூக்ளிடியமல்லா வடிவகணிதம் பற்றிய தமது கண்டுபிடிப்பை 1832 இல் தம் தந்தையின் நூலுக்குப் பின்னிணைப்பாகவே வெளியிட்டார்.

அச்சு இதழ்களில் பக்கங்கள் வரம்புக்குட்பட்டவை. எனவே 20 ஆம் நூற்றாண்டில் நீண்ட அட்டவணைகள் சில நுண்படச்சுருள்களாகச் சேமிக்கப்பட்டு, கேட்போருக்கு மட்டும் படியெடுத்து வழங்கப்பட்டன. 1990களில் ஆய்விதழ்கள் இணையத்தில் வெளிவரத் தொடங்கியதும் இக்கட்டுப்பாடு தளர்ந்தது. துணைத்தகவலின் அளவும் பெருகியது.

எதனை எங்கு சேர்ப்பது

அமெரிக்காவின் தேசியத் தகவல் தரங்கள் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட பரிந்துரை, துணைத்தகவலை இருவகையாகப் பிரிக்கிறது.

* இன்றியமையாத உள்ளடக்கம்: கட்டுரையை முழுமையாகப் புரிந்துகொள்ளத் தேவையானது. இதனைக் கட்டுரைக்கு நிகராகச் செம்மைப்படுத்திப் பாதுகாக்க வேண்டும்.
* கூடுதல் உள்ளடக்கம்: பொருளை மேலும் ஆழமாக அறிய விரும்புவோருக்குப் பயன்படுவது.

நடைமுறையில், வாதத்தின் ஓட்டத்தைத் தடுக்கக்கூடிய நீண்ட நிறுவல்களும் வினாக்கொத்துகளும் பின்னிணைப்பில் இடம்பெறுகின்றன. பெரிய அட்டவணைகளும் நிகழ்படங்களும் துணைத்தகவலாகின்றன. பெருந்தரவுகள் பொதுக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டு, அவற்றின் அடையாள எண் மட்டும் கட்டுரையில் தரப்படுகிறது. புரத அமைப்புகளுக்கான புரதத் தரவு வங்கி (1971), டி.என்.ஏ. வரிசைகளுக்கான சென்பாங்க் (1982), பலதுறைத் தரவுகளுக்கான செனோடோ (2013) ஆகியன இத்தகையவை.

ஒவ்வொரு துணை உருப்படிக்கும் தனி எண் இட்டு, முதன்மைப் பகுதியில் உரிய இடத்தில் அதனைச் சுட்டுவது முறையாகும். எண் அட்டவணைகளைப் படமாக அன்றி, கணினியில் நேரடியாகக் கையாளத்தக்க வடிவில் தருவதே பயனுள்ளது.

சிக்கல்கள்

கட்டுரையின் முடிவைத் தாங்கி நிற்கும் சான்று துணைத்தகவலில் மட்டும் இருந்தால், அது போதிய மதிப்பாய்வுக்கு உட்படாமல் போகக்கூடும். மதிப்பாய்வாளர்கள் கூடுதல் ஆய்வுகளைக் கோருவதும், ஆசிரியர்கள் அவற்றைத் துணைத்தகவலில் சேர்ப்பதும் எல்லையின்றி வளர்ந்ததைக் காரணங்காட்டி, அமெரிக்காவின் நரம்பணுவியல் ஆய்விதழ் 2010 நவம்பர் முதல் துணைத்தகவல் ஏற்பதை நிறுத்தியது.

பிழைகள் கவனிக்கப்படாமல் தங்கிவிடுவதற்கு மரபணுப் பெயர்கள் எடுத்துக்காட்டாகும். மைக்ரோசாப்ட் எக்செல் விரிதாளில் "செப்ட்2", "மார்ச்1" ஆகிய மரபணுக்களின் குறியீடுகளை ஆங்கிலத்தில் உள்ளிட்டால், மென்பொருள் அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 எனத் தேதிகளாக மாற்றிவிடும். 2005 முதல் 2015 வரை 18 ஆய்விதழ்களில் வெளியான மரபணுவியல் கட்டுரைகளை ஆராய்ந்த 2016 ஆம் ஆண்டு ஆய்வொன்று, மரபணுப் பட்டியல்களை எக்செல் துணைக்கோப்பாகத் தந்த கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழைகளைக் கண்டறிந்தது. அக்கோப்புகளைப் பயன்படுத்தும் அடுத்த ஆய்வுகளுக்கும் பிழை பரவ வாய்ப்புண்டு. இதனால் 2020 இல் இம்மரபணுக்களின் அலுவல்முறைக் குறியீடுகளே மாற்றப்பட்டன. "செப்ட்2" என்பது "செப்டின்2" ஆனது.

மேலும், துணைத்தகவலில் மட்டும் குறிப்பிடப்படும் மேற்கோள்கள் மேற்கோள் சுட்டிகளில் பெரும்பாலும் கணக்கிடப்படுவதில்லை. எனவே ஒரு முறையையோ தரவையோ உருவாக்கியவருக்குரிய மதிப்பு பதிவாகாமல் போகிறது. இதனைத் தவிர்க்க, அத்தகைய மேற்கோள்களை முதன்மைப் பட்டியலிலும் சேர்ப்பது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* ஆய்வுக்கட்டுரை
* சக ஆய்வாளர் மதிப்பாய்வு
* திறந்த தரவு