எலும்பின் ஞாபகம்

1957இல் நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் பணியை நேரு தொடங்கிவைத்தார். அதே ஆண்டு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. நெய்வேலியில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்கத் தோன்றும். கதிர்வீச்சு சிகிச்சையை நம்மூரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்!

கோபால்ட்டுக்கு முந்தைய எக்ஸ்ரே கருவிகளின் ஆற்றல் குறைவு. அந்தக் கதிரைச் சதையைவிட எலும்பு பல மடங்கு உறிஞ்சும், காரணம் கால்சியம். கோபால்ட்டின் காமா கதிரில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் தாடை எலும்பு செத்துப்போவது நிற்கவில்லை.

ஏன்? கதிர், காயம், கிருமி மூன்றும் சேர்ந்தால் வரும் என்றார் மேயர், 1970இல். 1983இல் ராபர்ட் மார்க்ஸ் அதை மறுத்தார்: கிருமி முக்கியமில்லை, கதிர்பட்ட எலும்பில் ரத்தக்குழாய், செல், ஆக்ஸிஜன் மூன்றுமே குறைந்துபோகின்றன, அதனால் காயம் ஆறாது. அவர் சொன்ன வழி, அழுத்த அறையில் ஆக்ஸிஜன். பல் பிடுங்கும் முன் 20 முறை, பின் 10 முறை. உலகமே பின்பற்றியது. 2019இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஆக்ஸிஜன் பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு தரப்பிலும் சுமார் 6 சதவீதம் பேருக்கு எலும்பு செத்திருந்தது. புரொடக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் ஓடிய தீர்வு, டெஸ்டில் தேறவில்லை.

எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா சுரங்கத்தில் ஓய்வுபெற்றவர். புகையிலைப் பழக்கம், வாயில் புற்று, கரண்ட் வைத்துக் குணமானார். பத்து வருஷம் கழித்துக் கடைவாய்ப் பல் வலிக்க, போய்ப் பிடுங்கிக்கொண்டார். பழைய கதையை அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குழி ஆறவே இல்லை. எலும்பு வெளியே தெரிந்தது. “அது இன்னுமா தம்பி உள்ள இருக்கும்?” என்றார் என்னிடம். கதிர் உள்ளே இல்லை. அது அடைத்துவிட்டுப்போன ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. கடைசியில் காலிலிருந்து எலும்பெடுத்துத் தாடை கட்டினார்கள்.

நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் பேரழுத்தத்தோடு நீர் நிற்கிறது. பம்ப் வைத்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் வெட்ட முடியும். வெட்டும் காலமெல்லாம் பம்ப் ஓட வேண்டும். தாடைக்கும் இதே கணக்குதான். காப்பாற்ற முடியாத பற்களைக் கதிருக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும். எச்சில் வற்றி மற்ற பற்களும் சொத்தையாகும் என்பதால், ஃப்ளூரைடும் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

நூறு வருஷ ஆராய்ச்சியில் இன்றும் அசைக்க முடியாத பகுதி இதுதான். செலவில்லாத ஒன்றும் அதில் உண்டு: எத்தனை வருஷம் ஆனாலும், பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் “எனக்கு கரண்ட் வச்சிருக்கு” என்று சொல்லிவிடுவது.